வலது கண் என்று எழுதினால் என்ன குறைந்துபோகும், டாக்டர்?

தமிழ்நாட்டுக் கண் மருத்துவர்களுக்கும், கண் மருத்துவமனைகளை நடத்துகிறவர்களுக்கும், அங்கே மருந்துச் சீட்டு அச்சிடும் மென்பொருளை எழுதுகிறவர்களுக்கும்:

என் அம்மாவுக்கு வயது 71. போன தை மாதம் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த சீட்டைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அதிலும் இரண்டே எழுத்தைப் பற்றி. ஓ.டி.

அந்தச் சீட்டு இப்போதும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. டாக்டர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது என்று புகார் சொல்ல வழியில்லை. கணினியில் அடித்த சீட்டு, எல்லாம் பளிச்சென்று பெரிய எழுத்து. மூன்று வரி. முதல் வரியில் ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் கலந்த சொட்டு மருந்தின் பெயர், பக்கத்தில் ஓ.டி., அதற்கடுத்து 6-5-4-3-2-1, கடைசியில் 6 வாரம். இரண்டாவது வரியில் வயிறு புண்ணாகாமல் இருக்க ஒரு மாத்திரை, ஓ.டி., 5 நாள். மூன்றாவது வரியில் பாராசிட்டமால், எஸ்.ஓ.எஸ்.

உங்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. முதல் வரியில் ஓ.டி. என்றால் வலது கண். ‘ஆக்குலஸ் டெக்ஸ்டர்’ என்ற லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள். இரண்டாவது வரியில் ஓ.டி. என்றால் தினம் ஒரு வேளை. அது ‘ஓம்னி டியே’ என்கிற வேறு லத்தீன். ஒரே தாள், ஒரே அச்சு, இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. மேலே இருப்பது ஒரு கண்ணின் பெயர், கீழே இருப்பது ஒரு வேளைக் கணக்கு என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குள் இருந்த மருந்துக்கடையில் அன்றைக்கு அந்தச் சொட்டு தீர்ந்துபோயிருந்தது. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கினோம். கடைத் தம்பி கெட்டிக்காரப் பையன்தான். சீட்டைப் பார்த்தார், அட்டைப் பெட்டியின் மேல் நீலப் பேனாவால் ‘தினம் 1 வேளை, 6 வாரம்’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த 6-5-4-3-2-1 என்னவென்று என் மனைவி கேட்டதற்கு, ‘அது வாரக் கணக்குங்க அக்கா, ஆறு வாரம் போடணும்’ என்றார். நாளுக்கு ஆறு தடவையில் தொடங்கி வாரத்துக்கு ஒரு தடவை குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்பது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. சீட்டு கொடுத்த செவிலியர் வாயால் சொல்லியிருக்கலாம். அவருக்கு முன்னால் அன்று காலை கண்ணில் கட்டோடு இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர் சொன்னதில் நினைவிருப்பது ‘தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க’ ஒன்றுதான்.

அம்மா தினமும் காலை பூஜை முடித்து, கட்டிலில் மல்லாந்து படுத்து, வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டார். எந்தக் கண் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறுத்த கண் எது என்று அவருக்குத் தெரியாதா? ஆக, சீட்டில் இருந்த ஓ.டி. சொல்ல வந்த சேதி எங்களுக்குத் தேவையே இல்லாதது. அதை நாங்கள் புரிந்துகொண்ட விதம்தான் வினையாகிவிட்டது.

ஐந்தாம் நாள் ராத்திரி என்னை எழுப்பினார். ‘கண்ணு, கண்ணு வலிக்குது.’ எங்கள் ஊர்ப் பக்கம் பிள்ளைகளைக் கண்ணு என்றுதான் கூப்பிடுவோம். அரைத் தூக்கத்தில் இரண்டு கண்ணையும் பிரித்துப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம் ஆனது. விளக்கைப் போட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். வெளிச்சம் பட்டால் ஊசி குத்துகிறது என்றார். கண் தக்காளி மாதிரி சிவந்திருந்தது.

காலையில் ஓடினோம். உள்ளே அழற்சி வந்திருக்கிறது என்றார் டாக்டர். ‘ஏம்மா, சொட்டு ஒழுங்கா போடலையா?’

‘ஒரு நாள் கூட விடலைங்க சாமி. காலைல எந்திரிச்சதும் அதுதானுங்க முதல் வேலை.’

‘நாளைக்கு ஆறு தடவை போட வேண்டியதும்மா.’

அம்மாவின் முகம் அப்போது போன போக்கை நான் மறக்க மாட்டேன். பரீட்சையில் பெயிலான பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். ஆட்டோவில் வரும்போது, ‘என் புத்திக்கு எட்டலையே, எல்லாருக்கும் எத்தனை அலைச்சல்’ என்று இரண்டு தடவை சொன்னார். மணிக்கொரு சொட்டு, அப்புறம் இரண்டு மணிக்கொரு சொட்டு, மூன்று வாரம் பட்டறைக்குப் பாதி நேரம்தான் போனேன். பார்வை திரும்பிவிட்டது. இடது கண்ணுக்குப் பங்குனியில் செய்வதாக இருந்த சிகிச்சையை ஆவணிக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்டேன். பதினோரு நாள் கழித்து மின்னஞ்சலில் இரண்டு வரி பதில் வந்தது. ஓ.டி. என்பது உலகம் முழுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவக் குறியீடு, சந்தேகம் இருந்தால் நோயாளியோ உடன் வந்தவரோ கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று.

அந்த இரண்டாவது வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சந்தேகம் வந்தால்தானே கேட்பதற்கு? அம்மா 11 வருஷமாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். ஒவ்வொரு சீட்டிலும் அந்த மாத்திரைக்கு நேரே ஓ.டி. என்றுதான் இருக்கும். ஓ.டி. என்றால் ஒரு வேளை, பி.டி. என்றால் இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை என்பது நான்காம் வகுப்போடு நின்ற அவருக்கு மனப்பாடம். தெரியாததால் தவறவில்லை, தெரிந்ததால் தவறினார். ‘கேட்டிருக்க வேண்டும்’ என்று அவரிடம் எப்படிச் சொல்கிறீர்கள்?

இருந்தும் விட்டுவிட்டேன். ஆனால் போன வாரம் இடது கண் பரிசோதனைக்குப் போனபோது, பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் தன் சீட்டை என்னிடம் நீட்டி, ‘தம்பி, இதுல எத்தனை வேளைன்னு போட்டிருக்கு?’ என்று கேட்டார். அதே அச்சு, அதே ஓ.டி., அதே 6-5-4-3-2-1. ஏழு மாதத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் கோயம்புத்தூரில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புக்கு ஷாஃப்ட், புஷ், ஸ்லீவ் கடைந்து கொடுப்பது வேலை. ஓ.டி. என்ற சொல் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. அதனால் இந்த எழுத்துகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் சொல்கிறேன்.

பட்டறையில் ஓ.டி. என்றால் வெளிவிட்டம். ஷாஃப்டின் ஓ.டி. 0.02 மில்லிமீட்டர் கூடிவிட்டால் பேரிங் ஏறாது, தட்டி ஏற்றினால் நாலு நாளில் சூடேறிப் போகும். பைப் கடையில் 110 பி.வி.சி. என்றால் அது ஓ.டி. கணக்கு, வெளியே அளந்தால் 110 மில்லிமீட்டர் இருக்கும். அரை இஞ்சு ஜி.ஐ. பைப்பை வெளியே அளந்தால் அரை இஞ்சு வராது, 21.3 மில்லிமீட்டர் வரும். அங்கே அரை இஞ்சு என்பது உள்துளையை வைத்துச் சொல்லும் பெயர். புதிதாக வேலைக்கு வருகிற பையன்கள் எல்லாரும் இந்த இடத்தில் ஒரு தடவையாவது சறுக்குவார்கள்.

பேங்க்கில் ஓ.டி. என்றால் ஓவர்டிராஃப்ட். பட்டறையையும் இருப்பையும் காட்டி ஒரு வரம்பு வாங்கி வைத்திருக்கிறேன், எடுத்த பணத்துக்கு எடுத்த நாளுக்கு மட்டும் வட்டி. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் போன் பண்ணி ஓ.டி. என்றால் அது ஓன் டேமேஜ், என் டெம்போவுக்கு நேரும் சேதம். அடுத்தவனுக்கு நேரும் சேதத்துக்கான தேர்டு பார்ட்டி சட்டப்படி கட்டாயம். ஓ.டி. நம் விருப்பம், காருக்கும் பைக்குக்கும் 2019 செப்டம்பரிலிருந்து அதைத் தனி பாலிசியாகவும் எடுக்கலாம். என் பையனுக்கு ஓ.டி. என்றால் ஆன் டியூட்டி. கபடி விளையாடப் போன நாளுக்கும் வருகைப்பதிவு வாங்கித் தருகிற தெய்வம்.

மகள் மைக்ரோபயாலஜி படிக்கிறாள். அவள் லேபில் ஓ.டி. என்றால் ஆப்டிகல் டென்சிட்டி. பாக்டீரியா வளர்கிற திரவம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று 600 நானோமீட்டர் ஒளியை உள்ளே விட்டுப் பார்ப்பார்களாம். ஓ.டி. 1 என்றால் விட்ட ஒளியில் பத்தில் ஒரு பங்குதான் மறுபக்கம் வரும், 2 என்றால் நூறில் ஒரு பங்கு. அவள் சொன்ன பிறகுதான் எங்கள் லேசர் மார்க்கிங் மிஷினோடு வந்த பச்சைக் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். காதுப்பட்டைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓ.டி. 6 என்று இருந்தது. அந்த மிஷினின் ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத்தான் கண்ணுக்கு விடும் என்று பொருள். இத்தனை நாளும் அதை ஏதோ சைஸ் என்று நினைத்திருந்தேன். கண்ணைக் காக்கிற ஓ.டி. ஒன்றும் உலகத்தில் இருக்கிறது, டாக்டர்.

இன்னும் இருக்கிறது. அமெரிக்காவில் கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தருகிற ஆப்டோமெட்ரிஸ்ட் தன் பெயருக்குப் பின்னால் ஓ.டி. என்று பட்டம் போட்டுக்கொள்வார். அவசர சிகிச்சைப் பிரிவில் ஓ.டி. என்றால் ஓவர்டோஸ், மருந்தை அளவுக்கு மீறி விழுங்கியவர். தமிழில் சொல்லும்போது வேறொரு கூத்தும் சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் வேறு வேறாக இருக்கிற இரண்டு எழுத்துகளும் நம் வாயிலும் எழுத்திலும் ஒரே ‘டி’ ஆகிவிடுவதால், ஓவர்டைமும் ஓ.டி., ஆபரேஷன் தியேட்டரும் ஓ.டி. அறுவை சிகிச்சை அன்று வார்டில் ஒரு செவிலியர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: ‘இன்னிக்கு எனக்கு ஓ.டி.ல ஓ.டி.’ தியேட்டரில் ஓவர்டைம். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒரு குழப்பமும் இல்லை. எனக்கும் இல்லை.

ஏன் இல்லை என்று யோசித்துப் பாருங்கள். பேங்க் மேனேஜர் ஓ.டி.யைக் குறைக்கச் சொன்னால் நான் போய் ஷாஃப்டைக் கடைவதில்லை. மகள் ஓ.டி. ஏறிவிட்டது என்றால் வட்டியை நினைத்துப் பதறுவதில்லை. ஒவ்வொரு ஓ.டி.க்கும் தனித்தனி வீடு. வீட்டுக்குள் நுழையும்போதே நாம் எந்த வீட்டில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடும். ஒரு ஊரில் நாலு முருகன் இருந்தால் அரிசிக்கடை முருகன், டெய்லர் முருகன் என்று பிழைத்துக்கொள்வோம். ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் முருகன் என்று பெயர் வைத்தவர்கள் உண்டா? நீங்கள் வைத்திருக்கிறீர்கள். ஒரு தாளில், அடுத்தடுத்த வரியில்.

என் பட்டறையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு அவசர ஆர்டர். வெண்கல புஷ், 40 எண்ணம். அளவை நான் போனில் சொன்னேன், மிஷின் சத்தத்தில் பையன் ஓ.டி.யை ஐ.டி. என்று எடுத்துக்கொண்டான். வெளிவிட்டத்துக்குச் சொன்ன அளவை உள்விட்டமாகக் கடைந்து வைத்துவிட்டான். நாற்பதும் ஸ்கிராப். பையனைத் திட்டினேன், மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் செய்தது வேறு. போனில் இனிமேல் யாரும் ஓ.டி., ஐ.டி. என்று சொல்லக்கூடாது, வெளிவிட்டம், உள்விட்டம் என்று முழுசாகத்தான் சொல்ல வேண்டும் என்று போர்டில் எழுதி மாட்டினேன். இன்றைக்கும் அதுதான் எங்கள் சட்டம். வரைபடத்தில் ஓ.டி. அப்படியே இருக்கிறது, அங்கே படமே சொல்லிவிடும். எங்கே காது தவற வாய்ப்பு இருந்ததோ அந்த இடத்தில் மட்டும் மாற்றினோம். வெண்கலத்துக்கு அந்த மரியாதை இருந்தது.

உங்கள் துறைக்கு இது புதுச் சேதி அல்ல என்பதுதான் என் கோபமே. அமெரிக்காவில் மருந்துப் பிழைகளை ஆராய்கிற ‘இன்ஸ்டிடியூட் ஃபார் சேஃப் மெடிகேஷன் பிராக்டீசஸ்’ தவறுக்கு இடம் தருகிற சுருக்கெழுத்துகளின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அதில் ஓ.டி. இரண்டு இடத்தில் வருகிறது. வலது கண்ணைக் குறிக்கும் ஓ.டி.யை வலது காதைக் குறிக்கும் ஏ.டி. என்று படித்துவிடுவார்கள் என்று ஒரு இடத்தில். தினம் ஒரு வேளையைக் குறிக்கும் ஓ.டி.யை வலது கண் என்று படித்து, வாயால் குடிக்க வேண்டிய மருந்தைக் கண்ணில் ஊற்றிவிடுவார்கள் என்று இன்னொரு இடத்தில். எங்கள் வீட்டில் நடந்ததற்கு நேர் எதிர். எப்படிப் புரட்டிப் போட்டாலும் ஒரு கண் அல்லது ஒரு காது.

அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தருகிற ஜாயிண்ட் கமிஷன் 2004-இல் ‘பயன்படுத்தக் கூடாதவை’ என்று ஒரு பட்டியல் போட்டது. தினம் ஒரு வேளை என்பதற்கு அங்கே வழக்கம் கியூ.டி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதற்கு கியூ.ஓ.டி. நடுவில் ஒரு எழுத்து சரியாகத் தெரியாவிட்டால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். இரண்டையும் எடுத்துவிட்டு முழுச் சொல்லில் எழுதச் சொன்னார்கள். நாம் பின்பற்றுவது பிரிட்டிஷ் வழக்கம். வேளைக் கணக்குக்கு ஓ.டி. என்று எழுதுவது அங்கிருந்து வந்ததுதான். கண்ணுக்கான ஓ.டி. பல நாட்டிலும் உண்டு. அமெரிக்காவில் அவ்வளவாக மோதாத இரண்டும் நம் ஊரில் நேருக்கு நேர் மோதுகின்றன. அந்தப் பிரிட்டனிலேயே, மருத்துவர்கள் கையோடு வைத்திருக்கும் மருந்துக் கையேடான பிரிட்டிஷ் நேஷனல் ஃபார்முலரி, மருந்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதைக் கூடுமானவரை சுருக்காமல் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள் என்கிறது. அவர்கள் ஊர் மொழி அது. நம் ஊர் மொழி எது?

நம் நாட்டிலும் விதி இருக்கிறது. 2016-இல் அப்போதைய இந்திய மருத்துவ கவுன்சில் தன் நடத்தை விதியைத் திருத்தி, மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும் கூடுமானவரை பெரிய எழுத்திலும் எழுத வேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் அம்மாவின் சீட்டு அந்த விதியை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிய சீட்டு. தெளிவு இருந்தது, பெரிய எழுத்து இருந்தது. பளிச்சென்று தெரிந்ததால்தான் கடைத் தம்பி தயங்காமல் பெட்டியில் எழுதினார். கிறுக்கலாக இருந்திருந்தால் ஒருவேளை போன் போட்டுக் கேட்டிருப்பார்.

எஸ்.ஓ.எஸ். பற்றி ஒரு வார்த்தை, போகிற போக்கில். தேவைப்பட்டால் மட்டும் என்று அதற்கு அர்த்தமாம், அதுவும் லத்தீனாம். நடுக்கடலில் கப்பல் மூழ்கும்போது அனுப்புகிற சேதி என்றுதான் எங்களுக்கெல்லாம் தெரியும். பாராசிட்டமாலுக்கு நேரே எஸ்.ஓ.எஸ். என்று பார்த்துவிட்டு, இதை வேளை தவறினால் ஆபத்து போல என்று என் மனைவி மணி அடித்த மாதிரி ஆறு மணி நேரத்துக்கொன்று கொடுத்துக்கொண்டிருந்தாள். முக்கியமில்லாத மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்தோம், முக்கியமான சொட்டை நாளுக்கு ஒன்று விட்டோம். உங்கள் சீட்டை நாங்கள் எவ்வளவு மரியாதையோடு படித்தோம் பாருங்கள்.

நேரமில்லை என்பீர்கள். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது பேரைப் பார்க்கிறீர்கள், ஒவ்வொருவருக்கும் முழு வாக்கியம் எழுதிக்கொண்டிருக்க முடியாது. சரி. ஆனால் அம்மாவின் சீட்டை யாரும் கையால் எழுதவில்லையே. திரையில் ஒரு பட்டியலில் ஒன்றைத் தொட்டார்கள், ஓ.டி. என்று அச்சானது. அதே இடத்தைத் தொட்டால் ‘வலது கண்’ என்று அச்சாக வைக்க மென்பொருள்காரருக்கு எத்தனை மணி நேர வேலை? டாக்டரின் விரல் அசைவில் ஒரு மாற்றமும் இல்லை.

கோயம்புத்தூருக்குக் கேரளத்திலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள், பட்டறைகளில் பாதிப் பேர் வடக்கத்திப் பையன்கள், எல்லாருக்கும் தமிழில் கொடுக்க முடியுமா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களில் ஒருவருக்காவது லத்தீன் தெரியுமா? இரண்டு கண் வரைந்து ஒன்றைக் கறுப்பாக்கிக் காட்டினால் எந்த மொழிக்காரருக்கும் புரியும். பக்கத்தில் ஆறு சின்ன வட்டம், நாளுக்கு ஆறு தடவை. போட்டதும் ஒரு வட்டத்தை அடித்துவிடலாம். இப்போது எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் மகள் அப்படி ஒரு தாள்தான் வரைந்து ஒட்டியிருக்கிறாள்.

உங்களால் முடியாது என்று நான் நம்பவில்லை. நானே பார்த்தேன். சிகிச்சை அன்று காலையில் அம்மாவின் வலது புருவத்துக்கு மேலே பேனாவால் ஒரு அம்புக்குறி போட்டார்கள். வார்டில் ஒருவர், தியேட்டர் வாசலில் ஒருவர், உள்ளே ஒருவர் என்று மூன்று பேர் அவரிடமே பெயரைக் கேட்டு, ‘எந்தக் கண்ணும்மா?’ என்று கேட்டார்கள். மூன்று தடவையும் அவர் ‘சோத்தாங்கைப் பக்கமுங்க’ என்றார். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் இப்படித்தான் சொல்கிறது, கத்தி வைப்பதற்கு முன் இடத்தைக் குறி, ஆளைக் கேள். அந்தக் காலையில் யாரும் அவர் காதில் ஓ.டி. என்று சொல்லவில்லை. அவருக்குப் புரிகிற மொழியில் கேட்டு, அவர் வாயால் பதில் வாங்கினீர்கள். இருபத்து நாலு மணி நேரம் கழித்து, கத்தி போய்ச் சொட்டு வந்ததும், அதே அம்மாவிடம் லத்தீனுக்குப் போய்விட்டீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மருந்தால் வரும் தீங்கைக் குறைக்கவும் தனியாக ஒரு முயற்சியைத் தொடங்கியது. ஐந்து ஆண்டில், தவிர்த்திருக்கக்கூடிய கடுமையான தீங்கைப் பாதியாக்குவது அதன் இலக்கு. அந்த ஐந்து ஆண்டும் முடிந்து, அதன் மேலும் சில ஆண்டு போய்விட்டது.

உங்களிடம் நான் கேட்பது இவைதான்.

நோயாளியின் கைக்குப் போகிற தாளில் ஓ.டி., ஓ.எஸ்., ஓ.யு. மூன்றையும் நிறுத்துங்கள். வலது கண், இடது கண், இரண்டு கண்ணும் என்று தமிழில் அச்சிடுங்கள். உங்கள் கோப்புக்குள், நீங்கள் உங்களுக்குள் எழுதிக்கொள்வதில் ஓ.டி. எப்போதும் போல இருக்கட்டும், அது உங்கள் வரைபடம். உங்களில் பலர் ஏற்கெனவே ரைட் ஐ, லெஃப்ட் ஐ என்பதைச் சுருக்கி ஆர்.ஈ., எல்.ஈ. என்று எழுதுகிறீர்கள். அதற்கு நன்றி, இன்னும் ஒரு படி வாருங்கள்.

வேளைக் கணக்குக்கும் அந்த எழுத்துகள் வேண்டாம். தினம் 1 வேளை, 2 வேளை, தேவைப்பட்டால் மட்டும் என்று போடுங்கள். குறைத்துக்கொண்டே வருகிற சொட்டு மருந்துக்கு 6-5-4-3-2-1 என்று ஒரே மூச்சில் எழுதாமல், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை நாளுக்கு எத்தனை தடவை என்று வாரத்துக்கு ஒரு வரி கொடுங்கள். ஆறு வரிதான்.

மென்பொருள் எழுதுகிறவர்களே, கண்ணுக்கு ஒரு கட்டம், வேளைக்கு ஒரு கட்டம் என்று பிரியுங்கள். இரண்டில் ஒன்று காலியாக இருந்தால் அச்சு வரக்கூடாது. ஒரே சீட்டில் ஒரே சுருக்கெழுத்து இரண்டு பொருளில் வந்தால் சிவப்புக் கோடு காட்டட்டும். இதை டாக்டர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

மருத்துவமனை நிர்வாகிகளே, வெளிக்கடையில் வாங்க வேண்டி வந்தால் கடைக்காரர் கூப்பிட்டுக் கேட்க ஒரு நேரடித் தொலைபேசி எண்ணைச் சீட்டிலேயே அச்சிடுங்கள். வரவேற்பறை எண் வேண்டாம், அதில் பாட்டுத்தான் கேட்கிறது. வீட்டுக்கு அனுப்பும் முன், நீங்கள் சொன்னதை நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், அம்புக்குறி போட்ட அன்று கேட்ட மாதிரியே. எங்களைப் போல யாராவது எழுதிக் கேட்டால், கேட்டிருக்க வேண்டும் என்று பதில் அனுப்பாதீர்கள்.

மருத்துவ கவுன்சிலிலும் சங்கங்களிலும் பொறுப்பில் இருக்கும் டாக்டர்களே, தவறுக்கு இடம் தருகிற சுருக்கெழுத்துகள் இவை, நோயாளி கையில் இவை போகக்கூடாது என்று ஒரு பக்கப் பட்டியல் போட்டு, ஊர்க் கோடியில் தனியாகக் கிளினிக் வைத்திருப்பவர் வரை அனுப்புங்கள். முதல் வரியில் ஓ.டி. இருக்கட்டும்.

அம்மாவுக்கு ஆவணி இரண்டாவது வாரம் இடது கண் அறுவை சிகிச்சை. டாக்டரை மாற்றவில்லை, அவர் கைராசி மேல் அம்மாவுக்கு அவ்வளவு நம்பிக்கை. மறுநாள் காலை சீட்டை வாங்க நான்தான் வரிசையில் நிற்பேன். அதில் ஓ.எஸ். என்று இருந்தால் வாங்க மாட்டேன். இடது கண் என்று எழுதித் தரும்வரை அங்கேயே நிற்பேன்.

ஒரு லேத் பட்டறைக்காரன்
கோயம்புத்தூர்